மிச்சம் வியாழக்கிழமை

டயாலிசிஸ் பிரிவில் அந்த நர்சுக்கு 'சினிமா சிஸ்டர்' என்று பெயர். ஊசி போடுவதில் கைராசிக்காரர். நோயாளிகள் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் அந்த அறையில், டிவி ரிமோட் அவர் பையில்தான் இருக்கும். செய்தி கிடையாது, சீரியல் கிடையாது. அவரே பென் டிரைவில் கொண்டுவரும் பழைய கருப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படங்கள் மட்டும்.

"செய்தி பார்த்தா பிரஷர் ஏறுது டாக்டர். இதுல ஆள்மாறாட்டம், பொய்க் கோபம், கடைசில கல்யாணம். யாருக்கும் கெடுதல் இல்ல," என்று பெரிய டாக்டரிடமே சொல்லிவிட்டார். டாக்டர் மறுக்கவில்லை. அவரே ரவுண்ட்ஸ் வந்த வேலையை மறந்து டிவி முன்னால் நிற்கிற ஆள்.

ஜன்னலோரப் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு செவ்வாய்க்கிழமை, "இதோட போதும் சிஸ்டர். இனிமே வரல," என்றார். விளையாட்டுப் பேச்சில்லை. வராவிட்டால் உடம்பு சில வாரம்கூடத் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவிக்கும் தெரியும். கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சிஸ்டர் புத்திமதி சொல்லவில்லை. திரையில் நாயகி குடையைப் பிடுங்கிக்கொண்டு கோபமாக மழையில் இறங்கி நடந்தாள். அங்கேயே டிவியை அணைத்தார்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"மிச்சம் வியாழக்கிழமை."

"எனக்குத் தெரியாத கதையா? கடைசில சேருவாங்க."

"சேருவாங்க. எப்படின்னு சொல்லுங்க பார்ப்போம்."

டிரைவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. "வீட்டுக்குப் போனா இவ சொல்லிடுவா," என்றார் வீம்பாக. சிஸ்டருக்குத் திக்கென்றது. இந்த ஓட்டையை அவர் யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை டிரைவர் முறைத்துக்கொண்டே வந்து படுத்தார்.

"இவளுக்கு மறந்துபோச்சாம். கல்யாணத்துக்கு முன்னாடி என்கூட ஓடி ஓடிப் பார்த்த படம். அடுப்புல வச்சத மறக்கலாம், இத மறக்கலாமா?"

ஊசி ஏறியது, படமும் ஓடியது. சிஸ்டர் தற்செயலாகத் திரும்பினார். அந்த அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாயகி பேசவேண்டிய வசனமெல்லாம் நாயகியை முந்திக்கொண்டு அங்கே வந்துகொண்டிருந்தது. சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரைவரும் பார்த்துவிட்டார். "மறந்துபோச்சுன்னியே?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு. பேசாம படத்தப் பாருங்க."

அவர் பேசவில்லை. படத்தையும் பார்க்கவில்லை; மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, ஊசியைக் கழற்றும்போது சிஸ்டரிடம் மெல்லச் சொன்னார்: "எப்படிச் சேர்ந்தாங்கன்னு நான் இன்னும் பார்க்கலம்மா. சனிக்கிழமை திருப்பிப் போடு."