நல்ல கரைக்குக் கெட்ட பெயர்

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையின் அடியில் வெறுங்காலோடு நடக்கிறார் கரைக்காரர். கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே காலுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. எலி வளையைக் கண்டால் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். கரையில் செடி முளைத்திருந்தால், "இங்க உனக்கு என்ன வேலை?" என்று அதட்டிப் பிடுங்கி எறிவார்.

பழத்தோட்டத்துக்காக ஓடையை மறித்து அவரே போட்ட மண்ணணை அது. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே கரைக்காரர்தான். யாராவது புதிதாக வந்தால், "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தது இது, சின்னது பொண்ணு" என்று கரையைக் காட்டுவார். மனைவி உள்ளேயிருந்து, "மூத்தது தும்மினா ஓடுவாரு. நான் தும்மினா ஜன்னலைச் சாத்தும்பாரு" என்பார்.

அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். கரை, மதகு, உபரிநீர் வழி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கய்யா" என்றார். கரைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே அந்த அம்மாள், "ஆனா வகையை மாத்தறோம். இனிமே இது அதிக அபாய அணை" என்றார்.

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"நல்லா இருக்குன்னு இப்பத்தானேம்மா சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. அபாயம்னா கரை உடைஞ்சிடும்னு அர்த்தம் இல்ல. ஒருவேளை உடைஞ்சா, கீழ இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்? அதை வச்சுத்தான் வகை. நீங்க கரை போட்டப்ப கீழ வெறும் புல்வெளி. இப்ப வீடு இருக்கு."

"அதான் உடையாதேம்மா!"

அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். இவர் மறுபடி முதலிலிருந்து குழம்பினார்.

முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்திலும் அதே புலம்பல். "பக்கத்துல எவனோ குடி வந்தா, நான் எப்படிப்பா கெட்டவனாவேன்?" முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "தலையை ஆட்டாதீங்கண்ணே. காது போயிடும்."

எவனோ இல்லை. கீழே இருப்பது மகள் வீடு. ஓடையோரம் குளுகுளுவென்று இருக்குமே என்று அந்த இடத்தைக் கொடுத்தவரே அவர்தான்.

பொறியாளர் இரண்டாம் முறை வந்தபோது, அவரை மகள் வீட்டுக்கே அழைத்துப் போனார் கரைக்காரர். கூடத்தின் நடுவில் நின்று, "சரி, உங்க பேச்சுக்கே வரேன். உடைஞ்சா தண்ணி எது வரைக்கும் வரும்?" என்று கேட்டார்.

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சுவரில், மின்விசிறி சுவிட்சுக்குச் சற்று மேலே, விரலை வைத்தார்.

"அப்பா, டீ ஆறுது" என்றாள் மகள்.

டீயை அவர் தொடவில்லை. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டார். "இப்படி வாம்மா. சுவத்தை ஒட்டி நில்லு."

குழந்தை குதிகாலைச் சுவரோடு சேர்த்து விறைப்பாக நின்றது. "வளந்துட்டேனா தாத்தா?"

தாத்தா அவள் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். பொறியாளரின் விரல் அதற்கும் ஒரு சாண் மேலே இருந்தது. மகள் இரண்டையும் பார்த்தாள். டீத்தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இன்னும் புரியலம்மா" என்றார் பொறியாளரிடம். "இவ்வளவு நல்லாப் பாத்துக்கறேனே."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரைமேல் ஏறினார். கோடைக்கென்று தேக்கிய தண்ணீர் கரை நெடுகத் தளும்பிக்கொண்டிருந்தது. அதை ஓடைவழியே மெல்ல வடித்துவிடும் மதகின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குமேல் சுற்றாது என்று நிற்கும்வரை திருகித் திறந்தார்.