எண்ணெய் விட்ட மாவு

மகள் போனில் சொன்ன வார்த்தை நாலு நாளாக என் காதைவிட்டு இறங்கவில்லை. "ரூம் போட்டாச்சுப்பா. மதியம் வீட்டுக்கு வந்து பாத்துட்டு, அப்படியே ஓட்டலுக்குப் போயிருவோம்."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எச்சில் இலை எடுத்து, பரோட்டாக் கல் முன்னால் நின்று, இன்றைக்கு மதுரைக்குள் சொந்தமாக மூன்று கடை வைத்திருக்கிறேன். ஊரை ஒட்டிய ஒத்தக்கடையில் மாடி வைத்து வீடு கட்டினேன். அந்த வீட்டில் என் மகள் ஒரு ராத்திரி தங்கமாட்டாளாம்.

அவள் ஜப்பானுக்கு வேலைக்குப் போனவள், அந்த ஊர்க்காரர் ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டு ஐந்து வருடமாகிறது. டிக்கெட் அனுப்பியும் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரியையும் போகவிடவில்லை. அதன்பிறகு அவள் பேச்செல்லாம் அம்மாவோடுதான். என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் நீளாது. இப்போதுதான் முதல் தடவையாகப் புருஷனோடு வருகிறாள். எப்படியாவது அவர்களை வீட்டில் தங்க வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையானால் கியோசா என்று ஒன்று செய்வாராம். மைதாவை மெல்லிய வட்டமாக்கி, நடுவில் கொத்துக்கறியும் முட்டைக்கோஸும் வைத்து, சேலைக் கொசுவம் மாதிரி ஓரத்தை மடித்து மூடி, கல்லில் வைத்து வேகவைப்பது. இவளும் எதிரே உட்கார்ந்து மடிப்பாளாம். வீட்டுக்காரி இதைச் சொன்னதும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. மைதா! இந்த ஊரில் மைதாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒருத்தன் பிறந்து வரவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அதையே செய்து வைப்பது என்று முடிவு கட்டினேன்.

"ஏங்க, பேசாம கோழிக்கொழம்பு வச்சுப் போடுவோம். தெரியாத வேல நமக்கெதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

"மைதாவுல எனக்குத் தெரியாதது என்னடி இருக்கு? நீ கோஸை அரி."

செல்போனில் ஒரு ஜப்பான்காரர் செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் பேச்சு புரியவில்லை. எனக்குப் பேச்சு எதற்கு? கையைப் பார்த்தால் போதும். தொழிலை நான் அப்படித்தான் பிடித்தேன். அந்த மனிதர் மாவில் உப்பும் வெந்நீரும் மட்டும் சேர்த்தார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பாவம், சிக்கனக்காரர் போல என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வருகிற அன்று விடிந்ததும் நான் நம் வழக்கப்படி எண்ணெய் விட்டு, அடித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, மேலேயும் எண்ணெய் தடவி ஊற வைத்தேன். முப்பத்தைந்து வருடத்துக் கை. மாவைத் தொட்டால் கை தன் பாட்டுக்கு எண்ணெய்ச் சட்டிக்குப் போகும்.

தொட்டுக்கொள்ள சோயா சாஸ், வினிகர், நல்லெண்ணெயில் பொரித்த மிளகாய்த்தூள். அங்கே ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் என்று மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். சால்னாவை வாளியில் ஊற்றுகிறவன் நான், கிண்ணத்தில் கொடுத்தால் கை கூசாதா? ஒரு குண்டா நிறையக் கலக்கி வைத்தேன்.

பதினோரு மணிக்கு மடிக்க உட்கார்ந்தேன். வட்டம் பிரமாதமாக வந்தது. கறியை வைத்து ஓரத்தைச் சேர்த்து அழுத்தினேன். கையை எடுத்ததும் வாயைத் திறந்தது. இன்னும் அழுத்தினேன். திறந்தது. தண்ணீர் தொட்டு ஒட்டினேன், முட்டை தடவினேன், சுவரொட்டி ஒட்டுகிற மாதிரி மைதாப் பசை காய்ச்சியும் பூசினேன். மடித்த நாற்பதும் தட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"எம்புட்டுச் சொன்னாலும் வாய மூட மாட்டேங்குது. அப்படியே உங்க சாடை," என்றாள் வீட்டுக்காரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் இறங்கியிருக்கும். ரிங் ரோட்டில் வந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே. கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பதும், அடுப்படிக்கு ஓடி வந்து ஒன்றை அழுத்துவதும், மறுபடி கேட்டுக்கு ஓடுவதுமாக இருந்தேன். கடைசியில் ஆனது ஆகட்டும் என்று கல்லில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, மூடி போட்டேன். திறந்து பார்த்தால் கறி ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்து நின்றது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு வாசனை பிடித்து நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"என்னப்பா இது?"

"கியோசா."

பின்னாலேயே வந்த மாப்பிள்ளை, "வணக்கம் மாமா," என்று குனிந்தார். கல்லைப் பார்த்தார். மிச்சமிருந்த மாவில் கொஞ்சம் கிள்ளி விரலில் தேய்த்து, மினுங்கிய விரலை அவளிடம் காட்டி என்னவோ சொன்னார்.

"எண்ணெய் விட்டா ஓரம் ஒட்டாதாம்ப்பா," என்றாள்.

என் மாவில் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான். சுடுசொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வாசலிலிருந்து டிரைவர், "அக்கா, பெட்டிய எறக்கணுமா, வெயிட்டிங்கா?" என்றார்.

"வெயிட்டிங்தான்ணே. அரை மணி நேரம்."

வாய்வரைக்கும் வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. புது மைதாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எப்படின்னு காட்டு தாயி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காட்டு என்று நான் யாரிடமும் கேட்டு அவள் பார்த்ததில்லை. வெந்நீர் விட்டுப் பிசைந்தாள். மாப்பிள்ளை தேய்த்துக் கொடுக்க, நாங்கள் இருவரும் மடித்தோம். ஓரம் ஒட்டியது. ஆனால் என் கொசுவம் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. "அம்புட்டு அமுக்காதீங்கப்பா," என்றாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு ஏன்ப்பா வரல? சாதி பாத்துத்தான?"

ஊரும் அப்படித்தான் பேசியது. பேசட்டும் என்று விட்டிருந்தேன். பயந்தவன் என்பதைவிட வீம்புக்காரன் என்பது கௌரவமாக இருந்தது. ஆனால் வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது.

"சாதியுமில்ல ஒண்ணுமில்ல தாயி. அங்க வந்தா, மாப்ள வீட்டுல நான் என்ன படிச்சிருக்கேன்னு கேப்பாங்க. அத நீ எனக்குத் தமிழ்ல சொல்லணும். மூணாவதுன்னு நான் சொல்ல, அத நீ அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அவுங்களுக்குத் திருப்பிச் சொல்லணும். அதுக்குப் பயந்துட்டேன்."

அவள் கை நின்றது. "இதுக்கா? இதச் சொல்ல அஞ்சு வருசமாப்பா?" கோபம்தான். கண்ணும் கலங்கியிருந்தது. "அவுகப்பா மீன் மார்க்கெட்ல பெட்டி தூக்குனவரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பி நீளமாக என்னவோ பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டி, வாசலுக்குப் போனார். போகலாம் என்கிறாள் போல என்று நினைத்தேன். கையில் மாவோடு பின்னாலேயே போனேன்.

அவர் டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை இறக்கினார். டிரைவருக்குக் கும்பிடு போட்டார்.

"ஒரு ராத்திரிதேன்ப்பா," என்றாள் மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நாளைக்கு ஓட்டலுக்குப் போயிருவோம்."

"சரி தாயி," என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மாடிக்கு ஏறிப் போய் எல்லா அறையிலும் ஏசியைப் போட்டுவிட்டேன். அவர்களுக்கு எந்த அறை பிடிக்குமென்று எனக்கென்ன தெரியும்?