தனி நேரத்து வடை

நான் படித்தது நான்காம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் மதுரையில் இருபத்தெட்டு வருஷம் கச்சேரி கேட்டவன். டிக்கெட் வாங்கி முன்னால் உட்காருகிறவர்களில்கூட இத்தனை கச்சேரி கேட்டவர்கள் குறைவு. ஏனென்றால் ஒரு சபாவின் கேன்டீன் என் கையில் இருந்தது. சபாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். சமயநல்லூரிலிருந்து திருமங்கலம் வரைக்கும் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறவர்கள், ஜோசியரிடம் போகும் முன்னால் ‘காளை சமையல்’ அன்றைக்கு ஓய்வா என்று போன் போட்டுக் கேட்பார்கள். அந்தக் காளை நான்தான். ஒரே பந்தலில் மூவாயிரம் பேருக்கு இலை போட்டு, கடைசி இலைக்கும் பாயசம் ஊற்றினவன்.

ஆனால் இது என் கதை அல்ல. என் கதையை எழுத இந்த நோட்டு போதாது. இது முருகம்மாளின் கதை. என் கேன்டீனில் வடை போட்டவள்.

முருகம்மாள் பிறந்தது சமயநல்லூருக்கு மேற்கே, காட்டு வேலை பார்க்கிற குடும்பத்தில். வாக்கப்பட்டுப் போனது திருமங்கலம் பக்கம். புருஷன் லோடு வேன் ஓட்டினவர். மகன் ஜெயபாண்டிக்கு நாலு வயதாக இருந்தபோது நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் போய்விட்டார். முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு புருஷனின் அண்ணன்மார் கூடி, நிலத்தில் உனக்குப் பங்கு கிடையாது என்றார்கள். பத்து வருஷம் அந்த நிலத்தில் குனிந்து களை எடுத்தவள் அவள். அதைச் சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை.

திருப்பரங்குன்றத்தில் நான் எடுத்திருந்த ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். அன்றைக்கு வடை போடுகிற ஆள் வரவில்லை. அவளைக் கூப்பிட்டு மாவைக் கையில் கொடுத்தேன். முதல் வடை எண்ணெயில் விழுந்த விதத்தைப் பார்த்ததுமே, இனி இவள் பாத்திரம் கழுவக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் என்ன வேலைக்கு லாயக்கு என்று சொல்லிவிடுவேன். இன்றுவரை தப்பியதில்லை.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒன்று உண்டு. பெரிய பாட்டு முடிந்ததும் பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவார். வயலின்காரர் வில்லை மடியில் சாய்த்துவிடுவார். மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பார். அதுவரை அடுத்தவருக்காகக் கை வலிக்க வாசித்தவருக்கு அதுதான் சொந்த நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ரசிகப் பெருமக்கள் எழுந்து கேன்டீனுக்கு வருவார்கள். கண்ணை மூடி, தலையை ஆட்டி, தொடையில் தட்டிக் கேட்டவர்கள், மிருதங்கம் பேச ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுவார்கள். ஒருவர் பேசும்போது நடுவில் எழுந்து போனால் மரியாதை கெட்டவன் என்கிறோம். ஒருவர் வாசிக்கும்போது எழுந்து போனால் அதற்குப் பெயர் இடைவேளையாம்!

எங்களுக்கு வியாபாரமே அந்த இருபது நிமிஷம்தான். கேன்டீனுக்கும் அரங்குக்கும் நடுவில் ஒரு பக்கவாட்டுக் கதவு. அது வழியாக மேடை தெரியும். வயலின் வில் மடிக்குப் போனதும் முருகம்மாள் முதல் ஈடு வடையை எண்ணெயில் விடுவாள். உள்ளே மிருதங்கம் ஆரம்பிக்கும், இங்கே சட்டி இரைய ஆரம்பிக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றவள், ஒரு தனியைக்கூட முழுசாகக் கேட்டது கிடையாது.

கேட்டது அவள் மகன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே கேன்டீனுக்கு வந்துவிடுவான். பெரிய மனிதர்கள் எழுந்து வெளியே வந்ததும் மெத்தை நாற்காலிகள் காலியாகும் அல்லவா? இவன் ஓடிப்போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொள்வான். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியதும் பேட்ஜ் குத்திய ஆள் வந்து, “டேய், எந்திரி” என்று தோளைப் பிடித்துத் தூக்குவான். அவர்கள் கேட்காமல் போட்டதைத்தான் இவன் பொறுக்கிக் கற்றான். திரும்பி வந்து எண்ணெய் வடிகிற தட்டைக் கவிழ்த்துப் போட்டு, “ம்மா, இன்னிக்கு இப்டி வாசிச்சாக” என்று விரலால் தட்டிக் காட்டுவான். முருகம்மாள் வடையைத் திருப்பிக்கொண்டே கேட்பாள். அவள் கேட்ட தனியெல்லாம் அந்தத் தட்டில் கேட்டதுதான்.

பிறகு அவனே விசாரித்துக்கொண்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தான். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வாசித்தான். இருபத்தாறு வயதுவரை எங்கள் சபா மேடைப் பக்கம் மட்டும் அவனை யாரும் கூப்பிடவில்லை.

போன தை மாதம் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து தீப்தி என்ற பாடகி பாட வருவதாக இருந்தது. அவருக்கு வாசிக்க வேண்டியவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. தீப்தி எங்கோ திருவிழாவில் ஜெயபாண்டி வாசித்ததைக் கேட்டிருக்கிறார். அந்தப் பையனையே போடுங்கள் என்று சொல்லிவிட்டார். நோட்டீசில் பெயர் வந்தது. முருகம்மாள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நாலு நாள் வேலை பார்த்தாள்.

கச்சேரிக்கு முதல் நாள் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“நாளைக்குத் தனி நேரத்துல வடை வேணாம்ண்ணே.”

“என்னது?”

“எம்புள்ள வாசிக்கயில நானே சட்டிய வச்சு ஆளுகள வெளிய இழுக்கிற மாதிரி இருக்கு. ஒருநா மட்டும். முடிஞ்சதும் எம்புட்டு வேணும்னாலும் போட்டுத் தாரேன்.”

“காளை கடையில இல்லைங்கிற சொல்லே கெடையாது, தெரியும்ல? வேணா காப்பி ஆத்துற தங்கப்பொண்ணு போடட்டும். நீ உள்ள போயி உக்காந்து கேளு.”

“யாரு போட்டா என்ன, நான் ஆட்டுன மாவு தானண்ணே. ஆளில்லாத நாக்காலிகளுக்கு நடுவுல நான் ஒருத்தி போயி உக்காந்தா அவனுக்கு இன்னும் கேவலம்.”

நான் இறங்கி வரவில்லை. “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு உளுந்தைக் கழுவப் போய்விட்டாள். அது என் தப்பு. நான் தப்பு என்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை, இதை ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அரங்கு நிறைந்த கூட்டம். தீப்தி கல்யாணி ராகத்தை ஒரு மணி நேரம் பாடினார். நன்றாகப் பாடினார், குறை சொல்ல மாட்டேன். ஏழே முக்காலுக்கு வயலின்காரர் வில்லை மடியில் சாய்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அரங்கில் நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன. ஜெயபாண்டி முதல் அடி அடித்து முடிக்கும் முன்னால் கேன்டீனில் நாற்பது பேர்.

வரிசையில் முதலில் நின்றவர் தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட ஓய்வு பெற்ற அதிகாரி. முன் வரிசை ஓர நாற்காலி எப்போதும் அவருக்குத்தான். “ரெண்டு வடை குடும்மா, சீக்கிரம்” என்றார் முருகம்மாளிடம். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “தனி யாரோ லோக்கல் பையன்தான். பாடுற அந்தம்மா கண்ணக் காட்டி அஞ்சு நிமிஷத்துல முடிக்கச் சொல்லிடுவாங்க” என்றார்.

முருகம்மாள் கையில் மாவு. தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெய்க்கு மேலே பிடித்தவள் அப்படியே நின்றாள். அழவில்லை. கை மட்டும் இறங்கவில்லை.

எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. குனிந்து சிலிண்டர் குமிழைத் திருகி அடைத்தேன்.

“என்ன காளை, கேஸ் தீந்துருச்சா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“கேஸ் இருக்கு, மாவு இருக்கு. வடை இல்ல.”

“ஏன்?”

“உள்ள ஒருத்தன் வாசிச்சுக்கிட்டு இருக்கான். கேட்டுட்டு வாங்க. முடிஞ்ச மறுநிமிசம் சூடாத் தாரேன்.”

“நாங்க எப்பக் கேக்கணும், எப்பச் சாப்புடணும்னு நீ சொல்றியா?”

“ஆமா. நாந்தேன் சொல்றேன்.”

பின்னால் ஒரு குரல், “அப்ப காப்பியாச்சும்...”

“காப்பியும் இல்ல.”

“தண்ணி?”

“பானையில இருக்கு. குடிச்சிட்டு உள்ள போங்க.”

சத்தம் கேட்டு சபா செயலாளர் சொக்கநாதன் ஓடி வந்தார். “காளை, வெளையாடுறீங்களா? மெம்பர்ஸ் எல்லாம் நிக்கிறாங்க!”

“நிக்கச் சொல்லி நான் கேக்கல சார். உள்ள நாக்காலி போட்டுத்தான வச்சிருக்கீக?”

“பாட்டு முடிஞ்சிருச்சுய்யா, இது தனிதானே?”

“நோட்டீஸ்ல மிருதங்கம்னு அவன் பேரப் போட்டீகளா இல்லியா? அப்ப அவனும் கச்சேரிதான? இல்ல, பாட்டுக்கும் வடைக்கும் நடுவுல போட்ட ஸ்டூலா?”

“பையனோட அம்மா உங்ககிட்ட வேலை பாக்குறாங்கங்கிறதுக்காக இப்படிப் பண்ணாதீங்க.”

“அதுக்காகத்தான் பண்றேன். முருகம்மா, நீ உள்ள போ.”

“கையெல்லாம் மாவுண்ணே.”

“போ ஆத்தா!”

அப்போதுதான் கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் கையை மட்டுமே பார்த்திருப்பார்.

பக்கவாட்டுக் கதவில் நின்று பார்த்தேன். முன் வரிசைகளில் முக்கால்வாசி நாற்காலி காலி. கண்ணாடிக்காரர் சொன்னது நடந்துவிட்டது; தீப்தி ஜெயபாண்டியைப் பார்த்து, சுருக்கி முடித்துவிடலாம் என்று விரலைக் காட்டினார். அந்த ஜாடை எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குக் காட்டிப் பார்த்திருக்கிறேன். அவனும் தலையை அசைத்தான். அந்த நேரத்தில் முருகம்மாள் நேரே நடந்துபோய் முன் வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவுக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். ஜெயபாண்டி பார்த்தான். தீப்தி பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னான். தீப்தி முருகம்மாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, விரலை மடக்கிக்கொண்டு தாளத்தைத் தொடர்ந்தார்.

“என்ன மாப்ள சொன்ன?” என்று பிறகு அவனிடம் கேட்டேன்.

“எங்கம்மா இப்பத்தான் வந்து உக்காந்திருக்காக, முழுசா வாசிச்சுக்கிறேன்னேன் மாமா.”

வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார்கள். சிலர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். போகட்டும்.

கண்ணாடிக்காரர் தன் நாற்காலிக்கு வந்தார். “இது என் சீட்டும்மா.”

முருகம்மாள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தனி முடியட்டும்ங்க” என்றாள்.

பேட்ஜ் குத்தியவன் வந்தான். அவனையும் அவள் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் இந்த வரிசையில்தான் அவள் பிள்ளையைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அவளைத் தொட்டுத் தூக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை. கண்ணாடிக்காரர் கடைசிவரை சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றும் கேட்கவில்லை. ஆனால் நின்றார்.

ஜெயபாண்டி இருபத்திரண்டு நிமிஷம் வாசித்தான். நான் கடிகாரம் பார்த்தேன். அப்புறம் சிலிண்டரைத் திறந்தேன். முருகம்மாள் வந்து கையைக் கழுவிக்கொண்டு வடை போட ஆரம்பித்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“அவன் தட்டுல தட்டிக் காட்டயில நடுவுல நிறுத்தி நிறுத்தித் தட்டுவான்லண்ணே? மறந்துபோயி முழிக்கிறான்னு நெனச்சுச் சிரிப்பேன். அது மறதி இல்லண்ணே. அங்கன அப்டித்தான் எடம் விடணும்போல.”

பத்தாம் நாள் சபாவிலிருந்து கடிதம் வந்தது. யாரிடமும் கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘உறுப்பினர்களுக்கு இடையூறு ஏற்படுத்தியதால்’ கேன்டீனை வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்களாம். நடுக் கச்சேரியில் நாற்காலியை மடக்கிவிட்டு வருகிறவன் இடையூறு இல்லை. உட்கார்ந்து கேள் என்று சொன்னவன் இடையூறு! தனி நேரத்தில் கேன்டீன் மூடியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டால், கூலி வாங்காமல் வடை போடுகிறேன் என்று பதில் எழுதிப் போட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. பதில் இல்லை. புது ஆளின் வடையைத் தின்று பார்த்தேன். அதை வடை என்று சொன்னால் உளுந்து கோபித்துக்கொள்ளும்.

முருகம்மாள் இப்போதும் என் கல்யாணச் சமையலுக்கு வருகிறாள். மாதம் ஒரு கச்சேரிக்கு நாங்கள் இரண்டு பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே சபாவுக்குப் போகிறோம். யார் பாடினாலும் சரி, யார் வாசித்தாலும் சரி. வரிசையின் ஓரத்தில் அவள் உட்காருவாள், பக்கத்தில் நான். வயலின் வில் மடிக்குப் போனதும் உள்பக்கம் இருப்பவர்கள் எழுந்து, “கொஞ்சம் வழி விடும்மா” என்பார்கள்.

முருகம்மாள் முழங்காலை ஒடுக்குவதில்லை.