ஊசிமுனையும் நான் வைத்த பொட்டும்

காலேஜ் லேபில் அட்டெண்டர் வேலை என்பது, எதைத் தொட்டாலும் உடையுமோ, ஷாக் அடிக்குமோ என்று பயந்துகொண்டே துடைக்கிற வேலை; செய்தவர்களுக்குத் தெரியும். ஊசிமுனையில் கரண்ட் விட்டு விட்டுத் துடிக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பௌதிக டீச்சர் வசந்தா அம்மா. கடைசிப் பெண்ணையும் வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆடி மாதம் அது.

ரேடியோ இரைச்சல்

ஒரு தையல் ஊசி, எதிரே பித்தளைத் தட்டு. அவ்வளவுதான் அந்த அம்மாவின் ஆராய்ச்சி. ஊசிக்கு நெகட்டிவ் கரண்ட் கொடுத்தால் முனையில் கடுகளவு ஊதா வெளிச்சம் நிற்கும். பக்கத்தில் ரேடியோ வைத்தால் ஒரே சீராக இரையும். ஒயர் லூஸ் என்று பியூன் மாணிக்கம் ஓடிவந்து சுவிட்சில் கை வைத்தான். வசந்தா அம்மா சிரித்தார். "லூஸ் இல்லப்பா. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை எரிஞ்சு அணையுது. நம்ம கண்ணுக்குத்தான் விடாம எரியுது."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

சுவிட்சை அணைக்காமல் அது ஏன் தானாக அணைகிறது என்று கேட்டேன். படிக்காதவள் என்று தள்ளாமல் உட்காரவைத்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதி வாசலை நினைச்சுக்கோங்க மரகதம்மா. முனையிலேர்ந்து பாயற எலக்ட்ரானைக் காத்துல இருக்கற ஆக்சிஜன் பிடிச்சுக்கும். அந்தக் கூட்டம் வாசலை அடைச்சதும் பாய்ச்சல் நின்னுடும். கூட்டம் தட்டுப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி பாயும்."

கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குள் இத்தனை ஒழுங்கா! என்னையறியாமல் கை குவித்துவிட்டேன். மாணிக்கம் விடுவானா? "யக்கா, கும்பிடறதுதான் கும்பிடற, தள்ளி நின்னு கும்பிடு. வோல்டேஜ் ஜாஸ்தியா இருக்குது!"

சரஸ்வதி பூஜை

பூஜைக்கு லேபைக் கழுவி, எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பித்தளைத் தட்டுக்கும் நடுவில் ஒன்று. லீவு முடிந்த காலையில் ஈரத்துணியால் துடைத்தும்விட்டேன். அன்று மதியம்தான் மெட்ராஸிலிருந்து வசந்தா அம்மாவின் புரொபசர் வருவதாக இருந்தது. துடிப்பை நேரில் பார்த்தால்தான் டாக்டர் பட்டத்துக்குத் தீஸிஸ் கொடுக்க விடுவார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். பிள்ளைகளையும் சமையலையும் பார்த்துக்கொண்டே ஆறு வருஷமாகச் செய்த வேலை அது.

துடிப்பைக் கோடாகக் காட்டும் மிஷினின் பச்சைத் திரையில் சீப்புப் பல் மாதிரி நிற்கும் கோடுகள் அன்றைக்குக் கலைந்து தாறுமாறாக ஓடின. வசந்தா அம்மா மூன்று ஊசி மாற்றிப் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அழுதுகொண்டே சொன்னேன்: "தட்டுல பொட்டு வெச்சேம்மா. தொடைச்சிட்டேன், ஆனா வெச்சேன்." ஒரு சுடுசொல் இல்லை. கரண்டை நிறுத்தி, தட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினார். கோடுகள் வரிசைக்கு வந்து நின்றன.

புரொபசர் வந்து பார்த்துத் தலையாட்டினார். வசந்தா அம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னார். நான் கதவோரம் ஒடுங்கினேன். புரொபசர் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "தட்டுல ஏதாவது லேசாப் படிஞ்சாலே துடிப்பு கெடும்னு ஒரு பாரா சேர்த்துடும்மா. யாராலே தெரிஞ்சுதுன்னும் எழுது."

வேலையிலிருந்த அத்தனை வருஷமும் ஒழுங்காகத் துடைத்து எங்கேயும் ஏறாத என் பேர், சரியாகத் துடைக்காத ஒரு நாளால் தீஸிஸில் ஏறியது. மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவர்களே, அதில் வேலை செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.