பிரெஞ்சு வக்கீல் அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகை

எங்க சித்தப்பா ஒரு பிரெஞ்சு வக்கீல். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஆளு என்னவோ பர்கூர்ல பொறந்து கேழ்வரகுக் களி தின்னு வளர்ந்தவரு. படிச்சது மட்டும் பாண்டிச்சேரி. அப்ப அந்த ஊரு பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு. அங்க மளிகைக்கடை வச்சிருந்த ஒரு சொந்தக்காரர் வீட்ல தங்கி, பிரெஞ்சு சட்டத்த பிரெஞ்சு பாஷையிலயே படிச்சு பாஸ் பண்ணிட்டு, நல்ல வெயில் நாள்ல கறுப்புக் கோட்டோட பஸ்ஸ விட்டு எறங்கினாரு. கிருஷ்ணகிரி கோர்ட்டுல போயி நின்னா, இந்தப் படிப்பு இங்க செல்லாதுன்னு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

மனுசன் அசரல. பர்கூர் மெயின் ரோட்டுல ஒரு ரூம் புடிச்சு, சேலத்துலேர்ந்து கால்ல மிதிக்கிற பழைய அச்சு மெஷின் ஒண்ணு கொண்டாந்து போட்டு, ‘பிரெஞ்சு வக்கீல், பதிப்பாளர்’னு போர்டு மாட்டினாரு. வக்கீல் வேலைக்கு ஒரு ஈ காக்கா வரல. பதிப்பாளரா அவரு போட்டது ஒரே ஒரு புஸ்தகம். ‘குடியானவர்களுக்குப் பிரெஞ்சு சட்டம்’னு பேரு. நம்ம குடியானவனுக்கு அது எதுக்குன்னு கேட்டா, “தெரிஞ்சா கெட்டா போயிடுவான்?”னு திருப்பிக் கேப்பாரு. அத முழுசாப் படிச்ச ஒரே ஆளு எங்க அத்தை, அதாவது அவரோட தங்கச்சி. அதுதான் அச்சு எழுத்து கோக்கும், புரூஃப் பாக்கும். எட்டாவதுல ஸ்கூல்லயே முதல் மார்க்கு. ஆனா அண்ணனுங்க முன்னாடி வாயே தொறக்காது.

நான் நாலாவது படிக்கிறப்ப எங்கப்பா அத்தைக்கு மாப்பிள்ளை பாத்து முடிச்சாரு. வேப்பனப்பள்ளில மாந்தோப்பு வச்சிருந்த குடும்பம். அத்தைக்கு டீச்சர் ட்ரெய்னிங் சேரணும்னு ஆசை. அத எங்கப்பாகிட்ட சொல்ல தைரியம் கெடையாது. என்கிட்டதான் சொல்லும். நானே நாலாவது. நான் என்னத்த பண்றது?

பத்திரிகை அடிக்கிற பொறுப்பு சித்தப்பாவுக்கு. மஞ்சள் காயிதத்துல ஜோரா அடிச்சு, குலதெய்வத்துக்கு ஒண்ணு வச்சுட்டு, வெத்தல பாக்கோட ஊரு ஊரா குடுத்து முடிச்சாச்சு. அப்புறம்தான் எங்கப்பா அடியில இருந்த வரியப் பாத்தாரு. பத்திரிகைல அவரு படிக்கிறது அவரு பேரு இருக்கிற எடம் மட்டும். அடியில போட்டிருந்தது இது: ‘இத்திருமணத்திற்கு ஆட்சேபணை உள்ளவர்கள், யாராயிருந்தாலும், பத்து நாளைக்குள் அச்சகத்துக்கு நேரில் வந்து தெரிவிக்கவும்.’

“ஏண்டா, உனுக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?”ன்னாரு எங்கப்பா.

“பிரான்ஸ்ல எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தாண்ணா. முனிசிபல் ஆபீஸ் கதவுல ஒட்டி வைப்பாங்க. பத்து நாளு எவனும் வரலன்னா கல்யாணம் கெட்டியாயிடும்.”

பிரான்ஸ்ல வரமாட்டான். பர்கூர்ல? நம்ம சனத்தக் கூப்பிட்டு, தயவுசெஞ்சு குறை சொல்லுங்கன்னு கேட்டா சும்மா இருக்குமா? வந்து சொல்லலன்னா மரியாதை இல்லன்னு நெனச்சுட்டாங்க. மறுநாளே அச்சாபீஸ் பெஞ்சு ரொம்பிப் போச்சு. முகூர்த்தம் சந்தை நாள்ல வருதுன்னு ஒருத்தரு. போன கல்யாணத்துல கடைசிப் பந்திக்கு சாம்பார் வரலன்னு ஒரு பெரியவரு. மாலூர்லேர்ந்து ஒரு மாட்டு வியாபாரி வந்து, மாப்பிள்ளையோட அப்பா தன் தலையில பல்லு போன எருதக் கட்டிட்டாருன்னு கன்னடத்துல பொலம்பிட்டுப் போனாரு. சித்தப்பா கோட்ட மாட்டிக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. ஒருத்தரையும் வெரட்டல.

எங்கப்பா பயந்தது அத்தையோட முறை மாமனுக்குத்தான். தாய்மாமன் மவன், கட்டிக்கிற உரிமை உள்ளவன். அவனும் ஒருநா புது வேட்டி கட்டிக்கினு வந்தான். அவன் பெஞ்சுல உக்காந்து, “பொண்ணு எனக்கு வேணாம் மாமா. ஆனா என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல? தட்டுல வெத்தல பாக்கு வச்சுக் கேட்டிருந்தா, வேணாம்னு கௌரவமா சொல்லியிருப்பேன்”ன்னான். ஒடனே தட்டு வச்சுக் கேட்டாங்க. வேணாம்னான். சந்தோசமா சாப்ட்டுட்டுப் போனான்.

கடைசி நாள் மாப்பிள்ளையோட அப்பாவே வண்டி கட்டிக்கினு வந்துட்டாரு. மீசை துடிக்குது. சண்டைக்குன்னு நெனச்சோம். பாத்தா அவருக்கும் ஒரு ஆட்சேபணை. பத்திரிகைல அவரு தம்பி பேரு சின்ன எழுத்துல இருக்குதாம், தம்பி சம்சாரம் அழுவுதாம். “ஏத்துக்கிட்டேன். வேற அச்சடிச்சுத் தர்றேன்”னாரு சித்தப்பா. அவரு மீசை அடங்கிடுச்சு. எங்கப்பா மூச்சு விட்டாரு.

“வேற யாராச்சும்?”னு சித்தப்பா கேட்டாரு.

மூலையில எழுத்து கோத்துக்கிட்டிருந்த அத்தை எந்திரிச்சு வந்து பெஞ்சுல உக்காந்துச்சு. கையெல்லாம் மை.

“எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குதுங்க”ன்னுச்சு, சித்தப்பாவப் பாத்து, சொந்த அண்ணன யாரோ வெளியாள் மாதிரி. “எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். ட்ரெய்னிங் சேரணும்.”

எங்கப்பாதான் மொதல்ல கத்தினாரு. “கல்யாணப் பொண்ணு சொல்றதெல்லாம் ஒரு ஆட்சேபணையா? எந்திரிடி.”

மாப்பிள்ளையோட அப்பா மடியிலேர்ந்து பத்திரிகைய எடுத்தாரு. கண்ணுக்குக் கிட்ட வச்சு எழுத்து எழுத்தாப் படிச்சாரு.

“யாராயிருந்தாலும்னு போட்டுக்கீதே”ன்னாரு எங்கப்பாகிட்ட. “இப்பத்தான என்னுத எடுத்துக்கினீங்க. அதே பெஞ்சுல உக்காந்து அந்தப் பொண்ணு சொன்னா எடுக்கமாட்டேன்னா, அப்புறம் என்னுது மட்டும் எப்படிங்க நிக்கும்? என் தம்பி சம்சாரத்துக்கு நான் என்னா பதில் சொல்றது?” அப்புறம் அத்தையப் பாத்து, “படி தாயி”ன்னுட்டு வண்டி ஏறிட்டாரு.

கல்யாணம் நின்னுச்சு. எங்கப்பா சித்தப்பாகூட பேச்ச விட்டாரு. அத்தை ட்ரெய்னிங் முடிச்சு, இப்ப ஓசூர்ல பசங்கள அதட்டிக்கினு இருக்குது. ஊரு பூரா சித்தப்பாவ, அரைகுறைச் சட்டத்த வச்சு சொந்தத் தங்கச்சி கல்யாணத்தையே கெடுத்த பைத்தியம்னு சிரிச்சுது. எனக்கும் அப்ப அதான் அபிப்பிராயம்.

போன வருசம் மெட்ராஸ்ல காலேஜ் லைப்ரரில அந்தப் பிரெஞ்சு சட்டம் இங்கிலீஷ்ல கெடைச்சுது. ஒரு கிறுக்குல ஒக்காந்து படிச்சேன். அறிவிப்பு ஒட்டுறது உண்டு. ஆனா ஆட்சேபணை சொல்ல அப்பா, அம்மா, நெருங்கின சொந்தம்னு கையளவு ஆளுங்களுக்குத்தான் உரிமை. மாட்டு வியாபாரிக்கெல்லாம் கெடையாது. கல்யாணப் பொண்ணுக்கு அதுல எடமே இல்ல. தேவையில்ல, அங்க அவ நேரா மாட்டேன்னு சொன்னா முடிஞ்சுது. ‘யாராயிருந்தாலும்’ங்கிறது சித்தப்பா சொந்தமா சேத்தது.

அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு ஆளு எந்திரிச்சுப் போனப்புறமும் அவரு “வேற யாராச்சும்?”னு கேட்டாரு. வாசலப் பாத்து இல்ல, அத்தை எழுத்து கோக்கிற மூலையப் பாத்து. நான் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னு நெனச்சேன்.