மாடல் ஐயா சாப்பிட்டாரா?

நேற்று தொலைக்காட்சியில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். பூத் தூவினார்கள், தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் இருந்த தம்பி மகன் கைபேசியை நீட்டினான். கடைமடைக்கு எந்தக் கிழமை தண்ணீர் போய்ச் சேரும் என்று அதில் ஒரு நீலக் கோடு காட்டியது. "இதைத்தானே அத்தை நீங்க அந்தக் காலத்துல பண்ணீங்க?" என்றான். இதைத்தான் பண்ணினேன். ஆனால் எனக்கு மூக்கில் ஏறியது வேறு. வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் முதல் தண்ணீரைக் குடிக்கும்போது பாதி மண்ணும் பாதி மீனுமாக ஒரு வாடை கிளம்புமே, அது.

அந்த வாடையோடு எனக்குத் தனிமையும் சேர்ந்தே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஒரு ஷட்டரை ஒட்டிய குவார்ட்டர்ஸில் என்னைப் போட்டார்கள். பெண் என்ஜினீயரை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அங்கே வைத்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். பேச ஆள் கிடையாது. சமைக்கவும் தெரியாது. ரசம் என்று நான் வைத்ததை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஆற்றில் எவ்வளவு வருகிறது, காய்ந்த மணல் எவ்வளவு குடிக்கும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை வைத்தால் பயிர் தாங்கும் என்பதையெல்லாம் எழுதிச் சென்னைக்கு அனுப்புவது என் வேலை. அங்கே ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அதை மென்று அகலத் தாளில் பதில் துப்பும். அதற்கு மாடல் என்று பெயர். "மாடல் ஒத்துக்கலை", "மாடல்தான் சொல்லணும்" என்று நான் பேசிப் பேசி, மாடல் என்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரி என்றே ஊரில் முடிவாகிவிட்டது.

அவரைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றவள்தான் அஞ்சலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். தலைமுறை தலைமுறையாக மிராசுதார் வயலில் நடவு நட்ட குடும்பம். உச்சவரம்புச் சட்டத்தில் அவரிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் ஒரு துண்டு, ஊர்வலம் அடிதடி எல்லாம் முடிந்து, அவள் பெயருக்கு வந்திருந்தது. கடைமடையிலும் கடைசித் துண்டு. நட வயலில் தண்ணீர் இல்லாமல் நாற்று பழுத்துக்கொண்டிருந்தது. அவள் நிலத்தைத் தரிசாகப் போட்டால் பட்டாவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்று மிராசுதார் காத்திருந்தார்.

நான் தாளைக் காட்டினேன். மேலே இருக்கிற வாய்க்கால்களுக்கெல்லாம் கொடுத்தது போக மீதிதான் அவள் பக்கம் வரும். அந்த வரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயரும் 'உபரி'தான்.

"நெலமும் மிச்சம், தண்ணியும் மிச்சந்தானாம்மா?" என்றாள். "நானே மாடல் அய்யாகிட்ட சொல்லிக்கிறேன். எந்த ரயில்ல போவணும்?"

சிரிப்பு வந்தது. "நீங்க போக வேணாங்க்கா, நான் கேக்கறேன்" என்றேன்.

வரிசையைத் தலைகீழாக மாற்றி அனுப்பினேன்: முதலில் கடைமடை, பிறகு மேலே. மேல் வயல்களில் ஈரம் இருக்கிறது, அந்தச் சில நாள் பயிர் தாங்கும் என்று பதில் வந்தது. தஞ்சாவூரில் என் மேலதிகாரி தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஒரே ஒரு தடவை" என்று கையெழுத்துப் போட்டார்.

மிராசுதாரின் காரியஸ்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். "மேலேர்ந்து கீழதாம்மா தண்ணி பாயணும். இது யார் உத்தரவு?"

"மாடல் உத்தரவு" என்றேன். அவரும் ஊர்க்காரர்தானே, பெரிய அதிகாரி உத்தரவு என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மேல் மதகுகளை அடைத்தோம். ஒரு மத்தியானம் தண்ணீர் வந்தது. அஞ்சலை அதற்கு முன்னால் நடந்து, சருகையும் முள்ளையும் காலால் தள்ளிக்கொண்டே, கன்றுக்குட்டியைக் கூட்டிப்போகிற மாதிரி வயல்வரை கூட்டிப்போனாள். நட்டாள். மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. பட்டா தப்பியது.

அதன்பிறகு சாயங்காலம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் குவார்ட்டர்ஸ் வேலிக்கு வெளியே நிற்பாள். உள்ளே வாங்க என்றால் வரமாட்டாள். "மாடல் அய்யா நல்லாருக்காங்களா? சாப்புட்டாங்களா?" என்பாள்.

"அது ஆளில்லக்கா, கணக்கு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"கணக்குக்கு எப்புடிம்மா மனசு எறங்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுநாளும் கேட்டாள். "சாப்பிட்டார்க்கா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த ஊரில் சாப்பாட்டைப் பற்றி என் வாசலில் யாராவது கேட்டார்கள் என்றால் அது அவள் மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் அங்கே போனேன். ஷட்டரைப் பொத்தான் அழுத்தித் தூக்குகிறார்கள். குவார்ட்டர்ஸில் தரை மட்டும் மிச்சம். அஞ்சலையின் வயல் இறால் குட்டை ஆகியிருந்தது. மகனோடு திருப்பூருக்குப் போனவள் அங்கேயே காலமாகிவிட்டாளாம். வாய்க்காலில் தண்ணீர், சொன்ன கிழமை தவறாமல், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நடக்க ஆளில்லை.

நேற்று தம்பி மகன் கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். ரசம் இப்போது நன்றாகவே வைக்கிறேன். மாடல் ஐயா சாப்பிட்டாரா என்று கேட்கத்தான் யாரும் இல்லை.