அருளானந்தம் சாரின் மூச்சு

எங்கள் பள்ளியில் பீடியோடு மாட்டிக்கொள்ளும் பையன்களைக் கணக்கு வாத்தியார் அருளானந்தம் சாரிடம்தான் அனுப்புவோம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, பதினோரு வருஷத்துக்கு முன்பே சிகரெட்டை விட்டவர் என்று அமராவதிபுதூரே நம்பியது. பையன்களுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொல்வார். பிறகு, சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று கண்மாய்க் கரைக்குப் போய், இரண்டு சிகரெட் பிடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றபடி வீடு திரும்புவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், தீப்பெட்டி என்னுடையது. நான் தேனப்பன், அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஊரறியப் புகைப்பவன்.

1997இல் மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. நுரையீரலில் புற்று இருந்தால் மூச்சில் சில வாயுக்கள் கலந்து வருமாம். மூச்சைப் பையில் பிடித்து மெஷினில் விட்டால் காட்டிக்கொடுத்துவிடுமாம். ஐம்பது தாண்டியவர்களில் புகைப்பவர் நாற்பது பேர், புகைக்காதவர் நாற்பது பேர் வேண்டும் என்று மாதா கோயிலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பங்குச் சாமியார் ஃபெலிக்ஸ் பாதர், புகைக்காதவர் பட்டியலில் முதல் பெயராக அருளானந்தம் சாரைத் தாமே எழுதிவிட்டார். சார் எழுந்து கும்பிட்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். காலையில் பல் விளக்குமுன் அதன் குழாயில் ஊதி, மூடியைத் திருகி, எட்டு மணிக்குள் மாதா கோயிலில் சேர்க்க வேண்டும்.

சார் பையை மனைவி அற்புதம்மாளிடம் நீட்டினார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு அற்புதம். காலையில நீ ஊதி வச்சிரு. மூச்சுல என்ன, உன்னுது என்னுதுன்னு."

முப்பது வருஷமாக விறகடுப்பை ஊதாங்குழலால் ஊதி எரித்தவருக்கு ஒரு பை எம்மாத்திரம். சார் கண்விழித்தபோது, பை தலையணைபோல உப்பிக் கிடந்தது.

மூன்றாம் வாரம் சார் பெயருக்குக் கடிதம் வந்தது. மூச்சில் சந்தேகப்படும்படியான வாயுக்கள் தெரிகின்றன, தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுக்க வரவும்.

கடிதத்தோடு என் வீட்டுக்கு ஓடிவந்தார். "அது அவ மூச்சுப்பா. அடுப்புப் புகையைத் தின்னே காலத்த ஓட்டிட்டா."

"அப்ப சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போங்க சார்."

"என்னை எதுக்கு ஊதச் சொன்னீகன்னு கேப்பாளே."

இரண்டு நாள் இதே பாட்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவியின் உயிர் பெரிதா, மாதாவிடம் சொன்ன பொய் பெரிதா என்று கேட்டேவிட்டேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். மூன்றாம் நாள் காலை, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"அற்புதம், நான் இன்னமும் சிகரெட் குடிக்கிறேன். அது மெஷின்ல தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் உன்னை ஊதச் சொன்னேன். இப்ப உன் நுரையீரல்ல ஏதோ இருக்குன்னு எழுதியிருக்காக. கெளம்பு, மதுரைக்குப் போவோம்."

அற்புதம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் எங்க ஊதுனேன்? தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னீகளே, பொய்யின்னு அப்பவே தெரியும். உங்க மூச்சைப் பாக்கத்தானே வந்துருக்காக? விடியக்காலம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்தீக. கொறட்டை வெளிய வாரப்பக் குழாயை வச்சேன், உள்ள போறப்ப எடுத்தேன். இருவது கொறட்டையில பை ரொம்பிருச்சு."

சார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப உனக்கு ஒண்ணுமில்ல," என்றார். "மாதாவே, அவளுக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணீர் வழிந்தது. அப்படியானால் கடிதம் யாருக்கு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அற்புதம்மாளுக்கு உறைத்துவிட்டது. கல்லில் தோசை கருகியது, அவர் கவனிக்கவில்லை.

"சட்டையைப் போடுங்க," என்றார்.

மூவரும் மதுரைக்குப் போனோம். சாரின் வலது நுரையீரலில் புளியங்கொட்டை அளவு கட்டி இருந்தது. வெட்டி எடுத்துவிடலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். பிறகு படிவத்தைப் புரட்டி, "பையை நீங்களேதானே ஊதினீங்க?" என்று கேட்டார்.

சார் அற்புதம்மாளைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர். முழிச்சிருந்தா ஊதியிருக்க மாட்டேன்."